ஏழாவது பொட்டு

எனக்கு ஒரு வியாதி உண்டு. புதிதாக எது வீட்டுக்கு வந்தாலும் அதற்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட வேண்டும். சைக்கிள், மண்வெட்டி, குக்கர், முதல் முதல் வாங்கிய பிரிட்ஜ், மகள் யதுர்ஷிகாவின் பள்ளிக்கூடப் பை, எதையும் விட்டதில்லை. ஊரில் எல்லாரும் வைக்கிறவர்கள்தான், ஆனால் எனக்குக் கொஞ்சம் கூட. தண்ணீர் இறைக்கிற மோட்டரைத் திருத்திக் கொண்டுவந்தாலே வைப்பேன். திருத்தியதும் புதுசுதானே. பொட்டில்லாத பொருளைப் பார்த்தால் முகம் கழுவாத பிள்ளையைப் பார்ப்பது போல எனக்குக் கை துறுதுறுக்கும்.

இந்த வியாதியால் கடைசியில் நான் ஒரு விமானத்தின் வாலையே கெடுத்தேன். கேளுங்கள், சொல்லுகிறேன்.

என் கணவர் குகதாசன் வளைகுடாவில், கட்டாரில் இருக்கிறார். போய்ப் பதினொரு வருடம். அங்கே ஒரு பெரிய கொட்டகைக்குள் அடிபட்டு வருகிற விமானங்களின் இறக்கையையும் வாலையும் ஒட்டித் திருத்துவது அவருடைய வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முப்பது நாள் லீவு. போகும்போதெல்லாம் சூட்கேஸை நான்தான் அடுக்குவேன். அடுக்கி முடித்ததும் மூடியின் உட்பக்கத்தில் ஒரு பொட்டு வைப்பேன். நல்லபடி போய்ச் சேர வேண்டும் என்று. நீலத் துணியில் இப்போது ஆறு பொட்டுகள் வரிசையாக இருக்கின்றன. முதலாவது மங்கிப் போய்விட்டது, ஆறாவது இன்னும் மஞ்சள். விமான நிலையத்தில் ஒருத்தன் அதைச் சுரண்டி மணந்து பார்த்ததாக ஒரு முறை கோபித்துக்கொண்டு ஃபோன் எடுத்தார். மணந்தவனுக்கும் நல்லது நடக்கட்டும் என்றேன். அப்படியானால் துடைத்துவிடுங்கள் என்றால் அதுவும் செய்ய மாட்டார்.

முப்பது நாளில் முதல் பத்து நாள் அவர் விருந்தாளி. அடுத்த பத்து நாள் புருசன். கடைசிப் பத்து நாள் போகப்போகிறவர். அவர் போன பிறகு எனக்குக் கிடைத்தது எல்லாமாக நூற்றைம்பது நாள். எங்கள் வயலில் ஒரு போகம் விளைந்து முடியவே நூற்றிருபது நாள் ஆகும். ஒரு போகமும் கொஞ்சமும் வாழ்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். சொன்னால் மற்றவர்கள், காசு வருகிறதுதானே என்பார்கள். வருகிறதுதான். காசு வந்து கதிரையில் இருந்து என்னோடு தேத்தண்ணி குடிக்குமா?

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் ஊர் வட்டக்கச்சியில் விமானத் தொழிற்சாலை வரப்போகிறது என்று கதை வந்தது. நம்பவில்லை. வந்தது. பழைய நெற்களஞ்சியக் கட்டடத்தையும் காணியையும் மின்சாரத்தையும் அரசாங்கம் கொடுக்க, அச்சுகளையும் சூடேற்றும் அறையையும் கொழும்புக் கம்பனி ஒன்று கொண்டுவந்து இறக்கியது. விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கான இரண்டு பேர் இருக்கிற சின்ன விமானம். முழுவதையும் நாட்டிலேயே செய்வதென்று திட்டம். உடம்பு ஓரிடம், இறக்கை ஓரிடம், வால் எங்களுக்கு. அரசாங்கத்திடம் ஒரு சாவி, கம்பனியிடம் ஒரு சாவி, கதவுக்கு இரண்டு பூட்டு. ஒருவர் வரப் பிந்தினால் மற்றவர் வெயிலில் நிற்பார். வாசல் பலகையில் யாருடைய சின்னம் மேலே வருவது என்று மூன்று மாதம் இழுபட்டு, கடைசியில் பலகை எங்கள் வாலைவிடப் பெரிதாக வந்து சேர்ந்தது.

தேர்வு வைத்து நாற்பது பேரை எடுத்தார்கள். நான் தைக்கத் தெரிந்தவள், கை நிதானம் என்று எடுபட்டேன். "வால் நீ செய்யிறாய், தலை ஆர் செய்யிறது?" என்று சங்கக் கடையில் கேட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் பாய்ந்த சனம்தான் நாங்கள் எல்லாரும். அதைப் பற்றி வேலையில் ஒருவரும் கதைக்கவில்லை. நேரத்துக்கு வந்தோம், நேரத்துக்குப் போனோம்.

வேலையைச் சொல்லுகிறேன், பிறகு விளங்கும். துணி போல இருக்கிற கண்ணாடி நாரை அச்சில் விரித்து, பசை ஊட்டி, ஒரு குமிழிகூட இல்லாமல் தடவி, சூடேற்றும் அறைக்குள் வைத்து இறுக வைத்தால் தகடு. இரண்டு தகடு சேர்ந்தது ஒரு வால். அதன் உள்ளே விலா எலும்பு போலக் குறுக்குத் துண்டுகளை ஒட்ட வேண்டும். ஆணி கிடையாது, ஒட்டு மட்டும்தான். ஒட்டுகிற இடத்தைச் சுரண்டி, துடைத்து, பிறகு யாரும் தொடாமல் ஒட்ட வேண்டும். இதெல்லாம் சுத்த அறைக்குள் நடக்கும். வாசலில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டைத் தாண்டினால் தொப்பி, முகமூடி, கையுறை, பொக்கற் இல்லாத மேலங்கி. நகை, பவுடர், பூ ஒன்றும் ஆகாது.

எங்களைப் பழக்கியது சாரங்கா மிஸ். வவுனியாப் பிள்ளை, எஞ்சினியர், வயது இருபத்தொன்பது. ஒட்டுகிற இடத்தில் விரல் பட்டால் எண்ணெய் படும், எண்ணெய் பட்டால் ஒட்டு விடும், ஒட்டு விட்டால் ஆகாயத்தில் வால் கழலும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். நன்றாகத்தான் சொன்னாள். நானும் நன்றாகத்தான் தலையாட்டினேன்.

அவளுக்குக் கீழே மேற்பார்வைக்கு நளீர் நானா, எங்கள் எல்லாருக்கும் அண்ணன் முறை. முல்லைத்தீவு ஆள். சின்ன வயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்தவர். கட்டாரில் ஏழு வருடம் என் கணவரோடு ஒரே கொட்டகையில் வேலை செய்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் ஊரோடு வந்துவிட்டார். அவர்தான் எனக்கு அந்தக் கதையை முதலில் சொன்னார். முதல் வால் சரியென்று மேலே ஒப்புக்கொண்டால் இரண்டாம் கட்டம் தொடங்கும், ஒட்டுப் பகுதிக்கு வெளிநாட்டு அனுபவமுள்ள ஒரு பொறுப்பாளரை எடுப்பார்கள், குகதாசனின் பெயரை நானே கொடுத்திருக்கிறேன் என்றார். பட்டியலில் முதல் பெயராம். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, சந்தோசத்தில்.

அதற்குப் பிறகு என் கணவர் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஃபோன் எடுத்து, எத்தனையாவது அடுக்கு முடிந்தது, பசை எத்தனை மணிக்குக் குழைத்தீர்கள், அறைக்குள் ஈரம் எவ்வளவு என்று கேட்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அந்த மனுசன் அப்படி விசாரித்ததில்லை. ஆனால் கோபம் வரவில்லை. அவர் வாலைக் கேட்கவில்லை, வீட்டுக்கு வருகிற வழியைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும்.

முதல் வாலுக்கு விலா ஒட்டுகிற நாள் வந்தது. அரசாங்கப் பக்கம் சும்மா விடுவார்களா? கூடாரம் போட்டு, பிள்ளையார் படம் வைத்து, தேங்காய் உடைத்து, மௌலவி வந்து துஆ ஓதி, உரைகள் எல்லாம் முடிய ஒன்பதரை. வாசல் கதவுக்குப் பொட்டு, பெயர்ப்பலகைக்குப் பொட்டு, சாமான் கொண்டுவந்த லொறிக்குப் பொட்டு, இரண்டு சாவிக்கும் ஆளுக்கொரு பொட்டு. வாலுக்கு மட்டும் இல்லை. அது கோட்டுக்கு அங்கால் கிடக்கிறது. பிறந்த பிள்ளை உள்ளே வெறும் நெற்றியோடு கிடக்க, கூலிக்கு வந்த லொறிக்குப் பொட்டு. எனக்குப் பொறுக்கவில்லை.

மோதிர விரலைச் சந்தனக் கிண்ணத்தில் தோய்த்தேன். அதன் மேலேயே கையுறையைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். பக்கத்தில் நின்ற பிள்ளை பசை குழைக்கத் திரும்பிய நேரம், கையுறையைக் கழற்றி, மூன்றாவது விலா வந்து இருக்கிற இடத்தில் ஒற்றினேன். யார் கண்ணிலும் படாத இடம் என்றுதான் அதைத் தெரிந்தெடுத்தேன். ஒட்டு மட்டும்தான் தாங்குகிற இடம் அது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நிமிசம் நினைவில் இல்லை. நினைவில் இருந்தது ஒன்றே ஒன்று. "அவரைக் கொண்டுவந்து விடு" என்று வாலுக்குச் சொன்னேன். பிறகு புதுக் கையுறை போட்டேன். அந்த இடத்தில் பசை பூசி விலாவை வைத்தார்கள், இறுக்கினார்கள், சூட்டறைக்குள் தள்ளினார்கள்.

மூன்றாம் நாள் வாலை வெளியே எடுத்துப் பரிசோதனை மேசையில் வைத்தோம். எல்லாச் சோதனைக்கும் முதல் சோதனை தட்டிப் பார்ப்பதுதான். நளீர் நானா ஒரு இரண்டு ரூபாய்க் குற்றியை எடுத்து ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டு வந்தார். டிக், டிக், டிக். பலாக்காயைத் தட்டிப் பார்த்துப் பழகிய எங்களுக்கும் அது விளங்கும். மூன்றாவது விலாவில் சத்தம் டொக் என்றது. கொஞ்சம் தள்ளினால் மறுபடியும் டிக். அந்த இடத்தைச் சுற்றி சிவப்புப் பேனையால் கோடு போட்டார். சின்ன வட்டம். அதைப் பார்த்ததும் மோதிர விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

அன்றைக்கே வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லுவோம் என்று நினைத்தேன், நாளைக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. காரணம் தெரியாத பிழை எல்லாப் பிழையிலும் மோசம் என்று சாரங்கா மிஸ் சொன்னாள். காரணம் தெரிந்தால் திருத்தலாம், தெரியாவிட்டால் செய்த இடம் முழுவதையும் சந்தேகப்பட வேண்டும். கொழும்பில் அப்படித்தான் சந்தேகப்பட்டார்கள். நெற்களஞ்சியம் அல்லவா, உமித் தூசு என்றார்கள். வன்னிப் புழுதி என்றார்கள். அரசாங்கப் பக்கம் கம்பனியின் பசையைக் குறை சொன்னது, கம்பனிப் பக்கம் அரசாங்கத்தின் கட்டடத்தைக் குறை சொன்னது. பத்து நாளுக்குள் காரணம் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அச்சையும் சூட்டறையையும் தெற்கே கொண்டுபோய்விடுவோம் என்று கடிதம் வந்தது. இரண்டாம் கட்டமும் அதோடு போய்விடும். நாற்பது பேரும் தூசு தட்டினார்கள். நானும் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு அவர்களோடு நின்று, இல்லாத உமியைத் தேடினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை நான் எத்தனை தடவை ஏசியிருப்பேன்.

கடிதம் வந்த ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து வந்த நளீர் நானா, குகதாசனிடம் கேட்டுப் பார்ப்போமா என்று சாரங்கா மிஸ்ஸிடம் அனுமதி வாங்கினார். கட்டாரில் வெள்ளி லீவு. ஃபோனை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு, குற்றியால் தட்டினார். ஆறேழு பேர் சுற்றி நின்றோம். என் கணவரின் மூச்சு மட்டும் ஃபோனில் கேட்டது.

"திருப்பித் தட்டு மச்சான்," என்றார். தட்டினார்.

"எவ்வளவு பெரிசு?"

"ஒரு விரல் நுனியளவு. வட்டமா இருக்கு."

"வட்டமாவோ?"

லைன் அறுந்துவிட்டது என்று நளீர் நானா ஃபோனைக் கையில் எடுத்தார். அப்போது என் கணவர் கேட்டார், "விமலா அங்கையோ நிக்கிறா?" ஓம் என்று நளீர் நானா சொன்னார். யோசித்துச் சொல்லுகிறேன் என்று வைத்துவிட்டார். நான் தலையை நிமிர்த்தவில்லை. அந்த மனுசனின் சூட்கேஸில் ஆறு வட்டம் இருக்கிறது. என் விரல் நுனி எவ்வளவு என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியும்?

பின்னேரம் ஆறு மணிக்கு எடுத்தார். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். யதுர்ஷிகாவை ரியூசனுக்கு அனுப்பிவிட்டேன்.

"நீர்தானே வைச்சனீர்?" என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஓம் என்றேன். போய்ச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அப்போதுதான் அவர் வேறொரு கதையைத் தொடங்கினார். அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக வரப்போகிறவன் நான் என்றார். விதியை மீறினது என் மனுசி என்று எழுத்தில் இருந்தால் என்னை எடுப்பார்களா? அதனால் வேறொன்று சொல்லலாம். சில கையுறைகளுக்குள் பவுடர் இருக்கும், அது பட்டாலும் ஒட்டு இப்படித்தான் விடும். பவுடர் உள்ள கையுறைப் பெட்டி ஒன்று தவறுதலாக வந்துவிட்டது என்றால் எல்லாரும் நம்புவார்கள். கட்டடம் தப்பும், வேலை தப்பும், எல்லாம் தப்பும்.

கையுறை வாங்குகிறவர் நளீர் நானா அல்லவா என்று கேட்டேன்.

"அவனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், அவ்வளவுதான்," என்றார். பிறகு குரல் உடைந்தது. "நான் வரவேணும் விமலா. எனக்கு இஞ்சை ஏலாது. நேற்று எங்கடை வீட்டு வாசல்படி எத்தினை எண்டு யோசிச்சன், ஞாபகம் வரேல்லை."

மூன்று. எங்கள் வீட்டுக்கு மூன்று படி. மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். பதினொரு வருடத்தில் ஒரு பொய் சொல்லாத மனுசன், கொட்டகையில் ஒரு குண்டூசி குறைந்தாலும் வீட்டுக்குப் போகாமல் தேடுகிற மனுசன், என்னைப் பொய் சொல்லச் சொல்லுகிறார். ஆசை அப்படிச் செய்துவிடும். எனக்கும் ஆசைதான். அவரைவிட எனக்குக் கூடவென்றும் சொல்லுவேன். பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். தேங்காய் துருவி முடிக்கவில்லை, அப்படியே கிடந்தது.

சனிக்கிழமை காலை வேலைக்குப் போகும்போது வழி முழுவதும் அந்தப் பொய்யை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நன்றாகத்தான் வந்தது. கையுறைக்குள் வெள்ளையாக ஏதோ இருந்தது மிஸ், அன்றைக்குக் கவனிக்கவில்லை மிஸ். உள்ளே போனால் நளீர் நானா களஞ்சிய அறைத் தரையில் சப்பணம் கட்டி இருக்கிறார். சுற்றிவரக் கையுறைப் பெட்டிகள். ஒவ்வொன்றாகக் கிழித்து, உள்பக்கம் வெளியே புரட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. தன்னில் பிழை இருக்குமோ என்று தானாகவே தேடுகிறார்.

"நான் வாங்கினதிலை ஏதும் பவுடர் இருக்குமோ எண்டு பாக்கிறன், தங்கச்சி," என்றார். "எண்டாலும் ஒண்டும் இல்லை."

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். அப்படிப்பட்ட ஆள். நான் திரும்பி நேரே சாரங்கா மிஸ்ஸின் அறைக்குப் போனேன்.

சொல்லி முடித்ததும் அவள் எழுந்து வந்து, மேசையில் கிடந்த வாலின் மூன்றாவது விலாவைக் கத்தி கொடுத்து மெதுவாக எழுப்பினாள். மற்ற இடமெல்லாம் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. அந்த ஓரிடம் மட்டும் தானாக விட்டுக்கொடுத்தது. உள்ளே மஞ்சளாக, வட்டமாக, நான் வைத்தபடியே இருந்தது. பசை இறுகியதில் என் விரல் ரேகை ஒவ்வொரு கோடாகப் பதிந்திருந்தது. சாரங்கா மிஸ் பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்தாள்.

"இதிலை ஒரு பிள்ளை ஏறிப் பறக்கப்போகுது, விமலாக்கா," என்றாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு வாய் குறைவில்லை.

அறிக்கை போனது. காரணம்: சந்தனம், ஒரு பொட்டு. கட்டடத்தில் பிழையில்லை, பசையில் பிழையில்லை, உமியும் இல்லை, புழுதியும் இல்லை. அரசாங்கமும் கம்பனியும் முதல் தடவையாக ஒரே நாளில் ஒரே பேச்சுப் பேசின. அச்சு வட்டக்கச்சியிலேயே இருக்கட்டும் என்று வந்தது. இரண்டாவது வால் செய்தார்கள். ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் டிக், டிக், டிக். எனக்கு ஒரு வருடத்துக்கு மஞ்சள் கோட்டைத் தாண்டத் தடை. பெட்டி அடிக்கிற பகுதியில் போட்டார்கள். வாலை வைத்து அனுப்புகிற மரப்பெட்டிக்குப் பஞ்சணை தைப்பது என் வேலை. கண்ணாடிக்கு அங்கால் மற்றவர்கள் வால் செய்வதைப் பார்த்துக்கொண்டு தைத்தேன். கை பரபரத்தது. என் கைதானே கெடுத்தது, பரபரக்கட்டும் என்று விட்டேன்.

நளீர் நானா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணி நேரத்தில் வந்து பக்கத்தில் இருந்தார். குகதாசன் ஃபோன் எடுத்து, கையுறைக் கதையைச் சொல்லச் சொன்னது தான்தான் என்று தானாகவே ஒப்புக்கொண்டதாகச் சொன்னார். "உங்கடை மனுசன் அழுதவர்," என்றார். "நானும் ஏழு வருசம் அங்கை இருந்தனான், தங்கச்சி. எனக்கு விளங்கும்." பிறகு பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றார்.

என் கணவரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதே பெரிய விசயம். ஒன்பது நாள் லீவு எடுத்து வந்தார். மூன்று படியையும் நின்று நின்று ஏறினார். யதுர்ஷிகா இரண்டு நாள் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்கடை குரல் ஃபோனிலை இருக்கிற மாதிரி இல்லை," என்றாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை. அவர் சிரித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார்.

நேர்முகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேராம். விதியை மீறியவர் உங்கள் மனைவி, நீங்கள் பொறுப்பாளராக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார்களாம். இவர், தடை போட்டது சரி, நானும் அதைத்தான் செய்திருப்பேன், ஆனால் அதற்கு முதல் கோட்டுக்கு வெளியே ஒரு பலகை அடித்திருப்பேன் என்று சொன்னாராம். ஒவ்வொரு வாலுக்கும் ஒரு இலக்கம், இலக்கத்துக்குப் பக்கத்தில் பொட்டு வைக்க இடம். எங்கள் சனம் எங்கேயாவது வைக்கத்தான் செய்யும், வைக்க ஓரிடம் கொடுத்துவிட்டால் வாலில் வைக்காது என்றாராம். ஐந்து பேரும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லையாம். எடுக்க மாட்டினம் விமலா என்று வந்து படுத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் காலை சூட்கேஸை அடுக்கினேன். மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, நாலு சேட்டு. அடுக்கி முடித்து மூடியைப் பார்த்தேன். ஆறு பொட்டு. பக்கத்தில் ஏழாவதற்கு இடம் இருந்தது. சாமித் தட்டில் சந்தனமும் குழைத்து வைத்திருந்தேன். அவர் அறை வாசலில் நின்று, நான் வைப்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூடியைச் சாத்திச் சிப்பை இழுத்தேன்.

"வைக்கேல்லையோ?" என்றார்.

"ஆறு தரம் போறதுக்கு வைச்சிட்டன்," என்றேன். "இனிப் போறதுக்கு வைக்க மாட்டன்."

எனக்கு அழுகை வரும் போல இருந்தது. அதனால் சேட்டை ஒழுங்காகப் போடத் தெரியாதா, கொலர் மடிந்து கிடக்கிறது என்று ஏசினேன். வான் வந்தது, போனார்.

பிறகு இரண்டரை மாதம் ஒரு கடிதமும் இல்லை. அவர் இருக்கும்போது படுத்த பக்கத்தில் நான் தலையணையை மாற்றவில்லை. நளீர் நானா ஒவ்வொரு நாளும் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போவார். ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம், சுவரில், புதிதாக ஒரு பலகை அடித்திருந்தது. தேக்கம் பலகை. இலக்கங்களைச் சாரங்கா மிஸ் தன் கையாலேயே எழுதியிருந்தாள். கீழே ஒரு தட்டில் சந்தனமும் தண்ணீரும், பக்கத்தில் கை கழுவச் சவர்க்காரமும் வைத்திருந்தது. கெட்டுப்போன முதல் வாலின் இலக்கத்துக்கு நேரே ஒன்றும் இல்லை, வெறுமை. இரண்டுக்கும் மூன்றுக்கும் பொட்டு வைக்க என்னைத்தான் கூப்பிட்டாள். இரண்டையும் வைத்துவிட்டுக் கை கழுவினேன். நேர்முகத்தில் என் கணவர் சொன்னதைக் கேட்டிருக்கிறார்கள் என்று மட்டும் மனம் அடித்துக்கொண்டிருந்தது.

கடிதம் அதற்கு எட்டு நாள் கழித்து வந்தது. எடுத்துவிட்டார்கள். அங்கே சொல்லிவிட்டு, கணக்கு முடித்துவிட்டு வர ஒரு மாதம். அந்த ஒரு மாதம் பதினொரு வருடத்தைவிட நீளம். வீட்டுக்கு வெள்ளை அடித்தேன். அலுமாரியில் பாதியை ஒதுக்கினேன். படி மூன்றையும் உரஞ்சிக் கழுவினேன். இனிக் கழுவ ஒன்றும் இல்லை என்றதும் திரும்ப அதையே கழுவினேன்.

இன்றைக்கு மத்தியானம், நான்காவது வாலின் பெட்டிக்குப் பஞ்சணை தைத்துக்கொண்டிருந்தேன். ஃபோன் ஒரு தடவை அதிர்ந்தது. அவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். கட்டார் அறையில், கட்டிலின் மேல், சூட்கேஸ் திறந்து கிடக்கிறது. உள்ளே சேட்டுகள், மகளுக்கு வாங்கிய ஏதோ ஒரு பெட்டி. மூடியின் நீலத் துணியில் என் ஆறு பொட்டும் வரிசையாக. அதற்குப் பக்கத்தில் ஏழாவது. புதுசு. ஈரம்கூடக் காயவில்லை. எங்கே போய்ச் சந்தனம் வாங்கினாரோ, கட்டைவிரலால் வைத்திருக்கிறார் போல. பெரிதாக, வழிந்து, வரிசையை விட்டு விலகி இருக்கிறது.

கீழே ஒரு சொல் எழுதியிருந்தார். "வாறதுக்கு."

வியாழன் காலை விமானம். இன்னும் மூன்று நாள். ஊசியைப் பஞ்சணையில் குத்திவிட்டு, அந்தப் பெட்டியின் மேலேயே இருந்து நன்றாக அழுதேன். என்ன நடந்தது என்று பதறிக்கொண்டு நளீர் நானா வந்தார். படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஃபோனைக் கிட்டப் பிடித்துக் கன நேரம் பார்த்தார்.

"கோணல்," என்றார்.

"ஓம்," என்றேன். "அவருக்கு ஒரு பொட்டு நேரா வைக்கத் தெரியாது."